மின்னல் விழுந்த இடத்துக்கு ஒரு வளையல்

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரையை முப்பத்துநான்கு வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஓய்வு கொடுக்கவில்லை. நான் பார்த்த வேலைக்குத்தான் கொடுத்துவிட்டார்கள்.

கருவடிக்குப்பத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் எங்கள் நிலையம் இருந்தது. கடல்மேல் விழும் மின்னல்களை வானொலி அலையாகக் கேட்டு, அவை எங்கே விழுந்தன என்று கணக்கிடுவது அதன் வேலை. இப்போது செயற்கைக்கோள் அதைச் செய்கிறது. மேகத்துக்குள் பளிச்சிடும் வெளிச்சத்தை மேலிருந்து பார்த்துத் திரையில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறது. எங்கள் ஆன்டெனாவைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். நான் புதிய அலுவலகத்தில், அந்தப் புள்ளிகளைப் பார்த்து மீனவர்களுக்கு எச்சரிக்கை எழுதும் பிரிவில் இருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் என் கையிலிருந்த பித்தளை வளையலைக் கழற்றித் திரையில் ஒரு புள்ளியின்மேல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். "என்னா மேடம், மின்னலுக்கு வளைகாப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

படித்தது மின்னணுவியல். பட்டம் புதுச்சேரியில், அதன்பின் வெளியூரில் பயிற்சி. பயிற்சியில் கற்றதில் பாதியை நிலையத்துக்கு வந்த பிறகு மறக்க வேண்டியிருந்தது. அங்கே சுத்தமான அலைகளைக் காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே வந்ததெல்லாம் ஊரின் இரைச்சலில் நனைந்த அலைகள்.

இடி மின்னல் நாளில் பழைய ரேடியோவைப் போட்டால் நடுநடுவே 'டக் டக்' என்று வெட்டும். அந்த வெட்டுதான் எங்களுக்கு மூலப்பொருள். ஒவ்வொரு மின்னலும் ஒரு வெட்டு. அது ஒளியின் வேகத்தில் எல்லாத் திசையிலும் பரவுகிறது. எங்களோடு சேர்த்து நான்கு நிலையங்கள் அதைக் கேட்டன: வடக்கே ஆந்திரக் கரையில் ஒன்று, தெற்கு முனையில் ஒன்று, கடலுக்கு அப்பால் தீவில் ஒன்று, இங்கே நாங்கள். அருகில் இருக்கும் நிலையத்துக்கு முதலில் கேட்கும். தூரத்தில் இருப்பதற்குச் சற்றுப் பின்னால். இரண்டு நிலையங்களுக்கு இடையிலான நேர வித்தியாசத்தை வைத்து வரைபடத்தில் ஒரு வளைவு போடலாம். மின்னல் அந்த வளைவின்மேல் எங்கோ இருக்கிறது. இன்னொரு ஜோடி நிலையங்களுக்கு இன்னொரு வளைவு. வளைவுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மின்னல். நான்கு நிலையங்களும் விழித்திருந்தால் இடம் ஒன்றுதான் கிடைக்கும். மூன்றுதான் விழித்திருக்கிறது என்றால் சில சமயம் வளைவுகள் இரண்டு இடத்தில் வெட்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நான் பட்டியல் போடுகிறவள். கடைக்குப் போனாலும் போடுவேன், சண்டைக்குப் போனாலும் போடுவேன். காலையில் நிலையத்துக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை என்று சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கடிகாரம் சரியாக ஓடுகிறதா. ஆன்டெனாவைத் தாங்கும் பீங்கான்களில் கடல் உப்பு படிந்திருக்கிறதா. படிந்திருந்தால் நல்ல தண்ணீரால் துடை. கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கிறதா. கடைசியாக, பாஸ்கர் அண்ணன் வெல்டிங் போட ஆரம்பித்துவிட்டாரா.

பாஸ்கர் அண்ணனின் கிரில் பட்டறை எங்கள் கட்டடத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. வெல்டிங் பொறியும் ஒரு குட்டி மின்னல்தான். அவர் ஒரு ஜன்னல் கம்பியை ஒட்டினால் எங்கள் திரையில் புல் முளைத்த மாதிரி அலைகள் எழும். கணினி அவற்றைப் பெரும்பாலும் தள்ளிவிடும். ஆனால் அலையைக் கண்ணால் படிக்க வேண்டும் என்றால் அவர் கை ஓய வேண்டும்.

எங்கள் நிலையத்தின் தலைவர் தெரேஸ் மேடம். பிரெஞ்சுக் காலத்திலேயே வெள்ளைக்காரர் ஆபீஸில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். அவர் பேச்சில் ஒன்றிரண்டு பிரெஞ்சு வார்த்தைகள் வந்துபோகும். யோசிக்கும்போது 'அலோர்' என்பார். சரியாக அமைந்துவிட்டால் 'வோலா'. பருத்திப் புடவைக்குக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மாடிக் கம்பத்தில் ஏறுவார். போனில் பேசினால் எழுந்து நின்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது. மேசைக் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைப்பதைப் பார்த்துவிட்டால் நாங்கள் யாரும் பக்கத்தில் போகமாட்டோம்.

அந்தக் கண்ணாடிக்கு அடியில் வங்கக் கடலின் பெரிய வரைபடம் விரித்திருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் வளையல்கள். குழந்தைக் கைக்கானதிலிருந்து பெரிய ஆள் கைக்கானது வரை, எல்லா அளவிலும். முத்தியால்பேட்டையில் ஒரு கடையில் மொத்தமாக வாங்கி வந்தவை. வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்று கடைக்காரர் கேட்டாராம். "எல்லாம் வானத்துல இருக்காங்க" என்று சொன்னாராம் மேடம். பாவம், அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் திரையைப் பார்த்து, "மேடம், இங்க விழுந்திருக்கு" என்று வரைபடத்தில் விரலை வைத்தேன்.

"விரல எடு" என்றார். "இங்கன்னா எங்க? உன் விரல் நுனியிலயா, நகத்துக்கு அந்தப் பக்கமா?"

அவர் ஆணியிலிருந்து நடுத்தர வளையல் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

"இதுக்குள்ள எங்கயோ விழுந்துச்சு. அவ்ளோதான் நமக்குத் தெரியும். கடிகாரம் கொஞ்சம் தப்பும், கடல்மேல ரேடியோ அலை போற வேகம் கொஞ்சம் மாறும். அதெல்லாம் சேர்ந்தது இந்த வளையல். புள்ளி வெக்கிறவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்லல. பாதி சொல்றாங்க."

அதுதான் எங்கள் நிலையத்து வழக்கம். எல்லா நிலையமும் கேட்டால் சின்ன வளையல். ஒன்று கேட்கவில்லை என்றால் பெரியது. இரண்டு இடத்தில் வெட்டினால் இரண்டு வளையல். படகுகளுக்குச் சட்டைப் பொத்தான்கள். அலுவல் முறையில் வெளியே போனது கணினியின் புள்ளிதான். தலைமை அலுவலகத்தின் நிரல் அந்தப் புள்ளியைப் பார்த்துத் தானாகச் செய்தி அனுப்பும்: 'கடலில் மின்னல். கரை திரும்பவும்.'

அந்தச் செய்தியைப் பிள்ளைச்சாவடியில் வாங்கிப் படகுகளுக்குச் சொன்னவர் கஸ்தூரி அக்கா. கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஊர்ப் பொதுக் கட்டடத்தில் இருந்த ஒயர்லெஸ் பெட்டியை முதலில் வேறு ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் அலைச் சத்தத்தைத் தாண்டாது என்று ஏலக் குரலிடம் கொடுத்துவிட்டார்கள். பெட்டியின் வீச்சு தூரத்துப் படகு வரை எட்டாது. அருகில் இருக்கும் படகு கேட்டு, அடுத்த படகுக்குச் சொல்லி, அது அதற்கடுத்த படகுக்குச் சொல்ல வேண்டும்.

"மேடம், நீங்க கதையா அனுப்பாதீங்க" என்று ஒருமுறை எச்சரித்தார். "நாலு படகு தாண்டறதுக்குள்ள 'மழ வருது'ன்றது 'மச்சான் வர்றாரு'ன்னு ஆயிடும்."

அவருடைய கணவர் சங்கர் அண்ணனும் கடலில்தான். பெரிய ஃபைபர் படகில் மாலையில் போய், இரவு வலை விட்டு, காலையில் திரும்புகிறவர்.

நான் சொல்ல வந்த நாளுக்கு முன்பு இரண்டு முறை எங்கள் செய்தியைக் கேட்டுப் படகுகள் வலையைப் பாதியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தன. இரண்டு முறையும் அவர்கள் இருந்த பக்கம் ஒரு துளி விழவில்லை. மின்னல் விழுந்தது உண்மை. வேறு இடத்தில் விழுந்தது. கஸ்தூரி அக்கா போன் செய்தார். "இன்னா சின்ன மேடம், உங்க மிஷினுக்குத் தூக்கத்துல கனவு வருதா? எங்க வீட்டுக்காரு கேக்கறாரு, அடுத்த தடவ மின்னல் வந்தா அதயே நேரா வந்து சொல்லச் சொல்லட்டுமான்னு." நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஊரே எங்களை நம்புவதை நிறுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

ஐப்பசி பிறந்திருந்தது. அன்று காலை நான் வந்தபோது விடிந்து நேரமாகியும் வெயில் இல்லை. வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். இரவு முழுக்கக் கடலில் தூரத்தில் ஒரு மின்னல் கூட்டம் இருந்திருக்கிறது. கரையிலிருந்து சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. பிள்ளைச்சாவடிப் படகுகள் சுமார் ஐம்பது கிலோமீட்டரில் வலை ஏற்றிக்கொண்டிருந்தன. அதாவது மழை அவர்களுக்கு அப்பால். செய்தி ஏற்கெனவே போயிருந்தது: 'கரை திரும்பவும்.' எல்லாம் ஒழுங்காக இருந்தது.

மேடம் டீயோடு வந்தார். திரையைப் பார்த்தார். டீயைக் குடிக்காமல் வைத்தார்.

"சுகந்தி, ராத்திரி இந்த மழை எப்படி இருந்துச்சு?"

"கொறஞ்சுக்கிட்டே வந்திருக்கு மேடம். விடியற்காலையில கிட்டத்தட்ட நின்னுடுச்சு."

"இப்ப?"

"இப்ப மறுபடி ஏறுது."

"அதே எடத்துலயா?"

"அதே எடத்துலதான்."

"அலோர்…" என்று உட்கார்ந்தார். "செத்த மழை எழுந்து உக்காந்துச்சா? இல்ல, வேற மழைய நம்ம மிஷின் இது தலையில கட்டுதா?"

அப்போதுதான் நிலையங்களின் நிலையைப் பார்த்தார். விடியலுக்கு முன்பே தீவு நிலையம் மௌனமாகியிருந்தது. அங்கே மின்சாரம் போயிருக்கும். மீதி மூன்றுதான். மூன்று என்றால் வளைவுகள் இரண்டு இடத்தில் வெட்டலாம். கணினி என்ன செய்யும்? முந்தைய மின்னல்கள் எங்கே இருந்தனவோ, அதற்கு அருகில் வளைவுகள் வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளும். மழை திடீரென்று இடம் தாவாது என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் விதி. நல்ல விதிதான். பழைய மழை சாகும் நேரத்தில் வேறொரு இடத்தில் புதிய மழை பிறந்தால் மட்டும், புதியதன் மின்னல்களையெல்லாம் பழையதன் கணக்கில் எழுதிவிடும்.

கணினி தள்ளிவிட்ட, வளைவுகள் வெட்டும் இரண்டாவது இடத்தை நான் கையால் கணக்கிட்டேன். கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர். மேடம் ஆணியிலிருந்து இரண்டு பெரிய வளையல்களை எடுத்தார். ஒன்றைத் தொண்ணூறில் வைத்தார். இன்னொன்றை முப்பதில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே பொத்தான்கள் இருந்தன.

மழை அப்பால் இருந்தால், 'கரை திரும்பவும்' என்பது சரியான செய்தி. மழை இப்பால் இருந்தால், அதே செய்தி அவர்களை நேராக அதன் அடியில் கொண்டுவந்து நிறுத்தும். மூடாத ஃபைபர் படகில், சுற்றிலும் தட்டையான கடலில், நிற்கிற மனிதன்தான் உயரமான பொருள்.

தெரிந்ததையும் தெரியாததையும் மனதில் அடுக்கினேன். பக்கத்து ரேடார் அன்று பராமரிப்பில் இருந்தது. செயற்கைக்கோளின் மேகப் படத்தில் கடல்மேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி ஒரே மூட்டம். எந்த மூலையில் மின்னல் என்று அது சொல்லவில்லை. கரையிலிருந்து பார்த்தாலும் மூட்டம்தான். தீவு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும், தெரியாது.

கஸ்தூரி அக்காவை அழைத்தேன். "அக்கா, அந்த மெசேஜை இன்னும் சொல்லாதீங்க."

"இன்னா சொல்லாதீங்க? அவரு வலைய ஏத்திட்டாரு. கெளம்பப் போறேன்னு இப்பதான் சேதி வந்துச்சு."

"கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்க."

"எதுக்கு? வரணும்னா வா சொல்லணும், வரக் கூடாதுன்னா வராத சொல்லணும். நடுக்கடல்ல நில்லுன்னா என்னா அர்த்தம்? அது பஸ் ஸ்டாண்டா?"

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. "இப்போதைக்கு நிக்கச் சொல்லுங்க, மீதிய உடனே சொல்றேன்க்கா" என்று வைத்தேன்.

மேடம் அதற்குள் மூல அலையைத் திரையில் விரித்துவிட்டார். ஒரு மின்னலின் அலையைப் பெரிதாக்கினால் முதலில் ஒரு கொம்பு தெரியும். அது கடல்மேலாக நேரே வந்தது. பின்னால் சின்னதாக இன்னொரு கொம்பு. அது மேலே போய், வானத்தின் மின்னேறிய அடுக்கில் மோதித் திரும்பி வந்தது. மின்னல் அருகில் என்றால் நேர்வழி மிகக் குறுகியது, மேலே போய்வரும் வழி நீளமானது. இரண்டு கொம்புக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். மின்னல் தூரத்தில் என்றால் இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே நீளம், கொம்புகள் நெருங்கிவிடும். வேறு எந்த நிலையத்தின் உதவியும் இல்லாமல், ஒற்றை ஆன்டெனாவில் தூரத்தைச் சொல்லும் பழைய முறை. சிரமம் என்னவென்றால் இரண்டாவது கொம்பு பகலில் மிகச் சின்னது. அன்று அது இருக்க வேண்டிய இடம் முழுக்கப் புல் முளைத்திருந்தது.

"பாஸ்கர்!" என்றார் மேடம். நான் படியில் ஓடினேன்.

பாஸ்கர் அண்ணன் முகமூடிக்குள்ளிருந்து, "வாம்மா மின்னலு" என்றார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்தணும்."

"நேத்திக்கே இந்த இரும்பு கேட்டை மாட்டியிருக்கணும். கடல்ல இடி இடிச்சா எனக்கு எதுக்குமா கரண்டு கட்டு?"

"பிள்ளைச்சாவடி படகு உள்ள மாட்டியிருக்குண்ணே. எந்தப் பக்கம் இடின்னு தெரியல. உங்க பொறி மறைக்குது."

அவர் மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு சந்தின் கோடிவரை நடந்துபோய் மாவு மில்காரரிடமும் ஏதோ சொன்னார். மில் சத்தமும் நின்றது.

மேலே ஏறி வந்தபோது திரை சுத்தமாகியிருந்தது. மேடம் எனக்கு ஒரு தாளைக் கொடுத்தார், தனக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டார்.

"நீ தனியா படி, நான் தனியா படிக்கிறேன். அருகா, தூரமான்னு எழுது. என் மூஞ்சிய பார்க்காத."

அவசரத்தில் அவர் இப்படி ஒரு முறையைக் கடைப்பிடித்தது எனக்கு இன்றும் வியப்பு. கடலில் ஆட்கள் நிற்கிறார்கள். போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் 'அருகில்' என்று சொல்லிவிட்டால் மற்றவர் கண்ணுக்கும் அருகில் என்றே தெரியும். அதைத் தடுக்க அவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார். நானும் திரும்பி உட்கார்ந்து ஒவ்வொரு மின்னலாகக் கொம்புகளுக்கு இடையே அளந்தேன். அகலம். அகலம். அகலம். ஒன்று தெளிவில்லை. அகலம். பிறகு ஒன்று குறுகல். நான் அளந்ததே தவறோ என்று மறுபடி அளந்தேன். குறுகல்தான். அப்படியே எழுதினேன்.

தாள்களை அருகருகே வைத்தோம். இரண்டிலும் பெரும்பாலும் 'அருகில்'. இரண்டிலும் அதே சில மின்னல்களுக்குத் 'தூரம்'.

"ரெண்டும் நெசம்" என்றார் மேடம் மெதுவாக. பழைய மழை இன்னும் முழுதாகச் சாகவில்லை. புதியது கரைப்பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. படகுகள் இரண்டுக்கும் நடுவில். இந்தப் பக்கமும் வரக் கூடாது, அந்தப் பக்கமும் போகக் கூடாது. வரைபடத்தில் வளையல் இல்லாத பக்கம் தெற்கு.

போன் மறுபடி அதிர்ந்தது. தலைமை அலுவலகத்து ஒருங்கிணைப்பாளர். படகுகளை நிறுத்திய சேதி கரையிலிருந்து அவருக்கும் போயிருந்தது. படத்தில் மழை அப்பால் இருக்கும்போது படகுகளை ஏன் நிறுத்தச் சொன்னீர்கள் என்று கேட்டார். மேடம் எழுந்து நின்றார்.

"உங்க படத்துல ஒரு புள்ளி இருக்கு சார். என் மேசையில ரெண்டு வளையல் இருக்கு. நான் ரெண்டையும் பார்த்துட்டுப் பேசறேன். என் பேர் போட்டே பதிவு பண்ணிக்கங்க." அவரும் நல்லவர். ஒரு நொடி யோசித்துவிட்டுத் தானியங்கிச் செய்தியை நிறுத்திவைத்தார்.

கஸ்தூரி அக்காவிடம் நான்தான் சொன்னேன். "அக்கா, கரைக்கு வர வேணாம். வழியில மழை. கடலூர் பக்கம் போகச் சொல்லுங்க."

வீட்டுக்கு வருகிற மனிதரை வராதே என்று அவர் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டு முறை தவறிய எங்கள் பேச்சை நம்பி.

"டீசல்" என்றார். "எங்க படகுல பத்தும். முருகன் படகுல பத்தாது. கயிறு கட்டி இழுத்துக்கலாம். சரி." மூச்சு விட்டார். "சொல்றேன். ஆனா ஒண்ணு சின்ன மேடம். மழ இல்லன்னு வெச்சுக்க, நேரா வந்து உங்க ஆன்டெனாவுல புடவ காயப்போட்டுடுவேன்."

போனை வைக்காமலே பெட்டியில் கத்தினார். நான் சொன்ன வாக்கியத்தை அவர் நான்கு சொல்லாக வெட்டியிருந்தார்: "கரைக்கு வராத! கடலூர் போ!" திரும்பத் திரும்ப, மீனுக்கு விலை கூவுகிற அதே தாளத்தில்.

பிறகு காத்திருந்தோம். ஒவ்வொரு படகாகப் பதில் வந்தது. கேட்டோம், திரும்பினோம் என்று. ஒரு படகிலிருந்து மட்டும் வரவில்லை. சங்கர் அண்ணன் படகு. நிற்கச் சொன்ன சேதி அவருக்குப் போய்ச் சேரும் முன்பே அவர் கரையை நோக்கிக் கிளம்பி, மற்றப் படகுகளின் குரல் எட்டாத பக்கம் விலகியிருந்தார். இதைக் கஸ்தூரி அக்கா எங்களிடம் சொன்னபோது அவர் குரலில் மாற்றம் இல்லை. சொல்லிவிட்டு உடனே மறுபடி பெட்டியில் கூவத் தொடங்கினார். மேடம் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கோபத்தில் அல்லாமல் அவர் துடைத்ததை அன்றுதான் பார்த்தேன். வளையல்களை நகர்த்தாமல், அவற்றைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

அந்த நேரத்தில் கடலில் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. முருகன், டீசல் குறைவாக இருந்தவர், தெற்கே போகாமல் கொஞ்ச தூரம் கரைப்பக்கம் ஓட்டியிருக்கிறார். சங்கரின் பெட்டிக்குத் தன் குரல் எட்டும் அளவுக்கு. எட்டியதும் கஸ்தூரியின் நான்கு சொற்களை அப்படியே சொல்லியிருக்கிறார். சங்கர் நம்பவில்லையாம். "எங்க வீட்டுல வராதன்னு சொன்னாளா? போடா, டேய்" என்றாராம். முருகன் அதே தாளத்தில் கூவிக் காட்டியிருக்கிறார். அந்தத் தாளத்தைக் கேட்டதும் சங்கர் படகைத் திருப்பிவிட்டார். முருகனின் படகையும் தன் படகோடு கயிற்றில் கட்டிக்கொண்டார்.

மதியத்துக்குப் பிறகு கடலூர்த் துறைமுகத்திலிருந்து சங்கர் அண்ணனே கஸ்தூரி அக்காவுக்குப் பேசினார். அக்கா எங்களையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டார்.

"சுத்தியும் மூட்டமா இருந்துச்சு மேடம், ஒண்ணும் தெரியல. திருப்பினப்புறம் பின்னால பார்த்தா, கர பக்கம் கருப்பா ஒரு சொவுரு. அதுக்குள்ள வேர் வேரா எறங்குது. இன்னும் கொஞ்சம் போயிருந்தோம்னா அதுக்கு அடியிலதான்."

பிறகு கஸ்தூரி அக்கா, "சரி சரி, சாப்ட்டியா நீ?" என்று கேட்டார். அதற்குமேல் அது எங்கள் அழைப்பாக இல்லை. நாங்கள் வைத்துவிட்டோம். மேடம் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "வோலா" என்றார். பாஸ்கர் அண்ணனிடம் கரண்டு போடலாம் என்று சொல்ல நான் கீழே போனேன். அவர் முகமூடியை மாட்டாமல் காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கஸ்தூரி அக்கா மீனோடு வந்தார். மாடி ஏறிய மூச்சோடு வரைபடத்தைப் பார்த்தார். வளையல்களும் பொத்தான்களும் முந்தின நாள் இருந்தபடியே இருந்தன.

"இதான் கடலா? இது இன்னாது, வளையல் கடையா?"

மேடம் விளக்கினார். அக்கா குனிந்து பார்த்தார். "எங்க வீட்டுக்காரு எந்த வளையல்ல இருந்தாரு?"

"எதுலயும் இல்ல. நடுவுல."

அக்கா ஒரு பொத்தானை விரலால் மெதுவாகக் கடலூர்ப் பக்கம் தள்ளினார். அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்த ரெண்டு தடவையும் இப்டிதான் இருந்துச்சா? பெரிய வளையலா?"

"ஆமா. ரெண்டுமே பெருசுதான்."

"அத ஏன் எங்களுக்குச் சொல்லல? நீங்க 'இங்க'ன்னு சொன்னீங்க, நாங்க அங்க இல்லன்னு பார்த்தோம். பெரிய வளையல்னு சொல்லியிருந்தா, சரி, நாம ஓரத்துல இருந்தோம் தப்பிச்சோம்னு போயிருப்போம். உங்கள வெச்சு ஊரே சிரிச்சிருக்காது."

அந்த வாரமே மேடம், செய்தியில் வளையலின் அளவையும் சேர்க்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். செய்தியின் வடிவம் மாறப் பல மாதங்கள் ஆயின. பிள்ளைச்சாவடிக்கு மட்டும் மறுநாளே மாறிவிட்டது. கஸ்தூரி அக்கா காலையில் போன் செய்து, "பெருசா, சின்னதா?" என்று கேட்பார். "பெருசு" என்றால் தூரத்து வலைக்குப் போகமாட்டார்கள். "சின்னது, வடக்கே" என்றால் தெற்கே போவார்கள். அதன் பிறகும் சில நாள் படகுகள் வீணாகத் திரும்பின. அதற்காக யாரும் எங்களைக் கேலி செய்யவில்லை.

நிலையத்தை மூடியபோது தெரேஸ் மேடம் பீங்கான்களைத் தானே கழற்றிக் கடைசியாக ஒருமுறை துடைத்து வைத்தார். கடல் ஏன் முழுதாகத் தெரியவில்லை என்று அவருக்கு எப்போதும் ஒரு குறை இருந்தது. செயற்கைக்கோள் வருவதில் அவருக்கு மகிழ்ச்சிதான், எனக்கும்தான். நான்கு காதுகளால் கேட்டதைவிட ஒரு கண்ணால் அதிகம் தெரிகிறது. இப்போது வேறு கரையில் வேறு கருவிகளை நிறுவிக்கொண்டிருக்கிறார். போகும்போது ஆணியிலிருந்து நடு அளவு பித்தளை வளையலை எடுத்து என் கையில் போட்டார். "புது மிஷினும் புள்ளிதான் வெக்கும்" என்றார்.

அது உண்மை. செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் உச்சியில் தெரியும் வெளிச்சத்தை. சாய்ந்து பார்ப்பதால் அது கொஞ்சம் நகர்ந்து தெரியும். மேகத்துக்குள் சிதறியும் தெரியும். எவ்வளவு தவறலாம் என்று அந்தப் படத்தோடு வரும் விவரத்தில் எழுதியிருக்கிறது. திரையில் காட்டுவதில்லை. திரையின் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான நாட்களில் அது என் கைவளையலுக்குள் அடங்குகிறது. இளையவர்கள் பார்த்துச் சிரித்தது அதைத்தான்.

அன்று எழுதித் தருகிறேன் என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே மேசை போன் அடித்தது. புதிய அலுவலகத்தின் எண்ணை யார் கொடுத்தார்களோ. கடலோரக் காற்றின் இரைச்சலோடு அந்த ஏலக் குரல்.

"இன்னா சின்ன மேடம், புது ஆபீஸ் போயிட்டா எங்கள மறந்துடுவியா? பெருசா, சின்னதா?"

வளையலைத் திரையில் பிடித்தேன். புள்ளிகள் எல்லாம் உள்ளே இருந்தன. வளையலை நகர்த்திக் கடல் முழுக்க ஒருமுறை பார்த்தேன், வேறு எங்காவது இன்னொன்று வைக்க வேண்டியிருக்கிறதா என்று. இளையவர்கள் இருவரும் இப்போது சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் பின்னால் நின்று பார்த்தார்கள்.

"சின்னதுதான்க்கா. வடகிழக்கே, தூரத்துல."

"எத்தினி வளையலு?"

"ஒண்ணே ஒண்ணு."

"அது போதும்" என்றார். போன் வைக்கப்படவில்லை. அந்தப் பக்கம் அவர் பெட்டியில் படகுகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.